ஊவா மலைக்கதை – 17: பதிவேட்டில் இல்லாத படை

சென்ற வாரம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் எப்படிக் கட்டப்பட்டன என்று பார்த்தோம். அவை தீப்பிடித்தபோது அணைத்தவர்கள் யார் என்பதுதான் இந்த வாரக் கதை. பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் மலைச்சரிவில் இருக்கிறது பூனாகலை. ஊவா மலைகள் தெற்கே வெல்லவாயச் சமவெளியை நோக்கிச் சடாரென்று விழுகிற விளிம்பு அது. பண்டாரவளையிலிருந்து தீயணைப்பு வண்டி புறப்பட்டாலும் வளைவுகளைக் கடந்து டிவிசன் ரோட்டுக்கு வருவதற்குள் ஒரு லயம் எரிந்து முடிந்துவிடும். வண்டி வந்தாலும் ரோட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்கட்டு, ஒற்றையடிப் பாதை, தேயிலை. ஆகவே இங்கே தீயை அணைத்தவர்கள் எப்போதும் அங்கேயே குடியிருந்தவர்கள்தான். அவர்களுக்குச் சீருடை இல்லை, சம்பளம் இல்லை. எந்த அலுவலகத்துப் பதிவேட்டிலும் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படவும் இல்லை.

இந்த மலைகளில் தீ விபத்தாக வருவதற்கு முன்பே வேலையாக வந்துவிட்டது. 1817-18 ஊவா கிளர்ச்சியை ஒடுக்கிய பிரித்தானியப் படை ஊர்களையும் நெல்லையும் கொளுத்தியது. ஊவாவின் நவீன வரலாறே அந்தப் புகையில்தான் தொடங்குகிறது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டை அரசின் சொத்தாக்கி, தோட்டக்காரர்களுக்கு விற்க வழி திறந்தது. கோப்பிக்காக மலையைத் திறந்த முறையை அன்றைய தோட்டத்துரைமார் விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி மரங்களைப் பாதிவரை வெட்டிக்கொண்டே போவார்கள். உச்சி வரிசையை முழுதாக வெட்டியதும் அது கீழ் வரிசைமேல் விழும், அது அடுத்ததன்மேல் விழும். முழு மலையும் ஒரே இரைச்சலில் சாயும். பல வாரம் வெயிலில் காயவிட்டு, மழைக்கு முன் தீ வைப்பார்கள். கோடரி பிடித்தவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்தவர். எரிந்த கட்டைகளுக்கு நடுவே குழி வெட்டிக் கன்று நட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தமிழர்.

1869இல் கோப்பியை அழித்த இலைநோய் முதலில் கண்டறியப்பட்டது பதுளைக்கு அப்பால் மடுல்சீமையில். கோப்பி போனது, தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவ வேலை. தேயிலைக்கோ வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதனால் குடும்பங்கள் நிரந்தரமாக மலையேறின, லயங்களும் நீண்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு ஒரே கூரையின் கீழ் நின்றன. சில லயங்களில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. ஆரம்பத்தில் மானாப்புல் வேய்ந்த கூரை, பிறகு தகரம்.

ஒரே கூரை என்பதை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தீயின் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பழைய லயங்கள் பலவற்றில் காம்பராக்களுக்கு நடுச்சுவர் உண்டு. ஆனால் அது கூரையை முட்டாது. சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி லயத்தின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஓடும். தலைமுறை தலைமுறையாக விறகடுப்பு எரிந்து கரி ஏறிய கைமரங்கள் அங்கே. அடுப்புக்கு மேலே பரணில் காயப்போட்ட விறகு. ஒழுக்குக்கும் பனிக்கும் மறைப்பாகத் தகரத்துக்கு அடியில் கட்டிய பொலித்தீனும் உரப்பையும். முன்பு குப்பி விளக்கு சாய்ந்து தீப்பிடித்தது. மின்சாரம் வந்தபின் பழைய வயரும் ஒட்டுப்போட்ட இணைப்பும் அந்த வேலையைச் செய்கின்றன. எப்படிப் பிடித்தாலும் தீ போகும் வழி ஒன்றுதான்: மேலே ஏறி, இடைவெளிக்குள் நுழைந்து, ஒவ்வொரு காம்பராவின் தலைக்கு மேலாகவும் ஓடும். முதல் வீட்டில் புகை வரும்போது ஐந்தாம் வீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் தோட்டத்து ஆட்கள் தீயோடு சண்டையிடும் முறை வேறு. பட்டணத்தில் எரிகிற வீட்டின்மேல் தண்ணீர் அடிப்பார்கள். லயத்தில் எரிகிற வீட்டைக் கைவிட வேண்டும். எரியாத வீட்டைத்தான் முதலில் உடைக்க வேண்டும். இளவட்டங்கள் நாலைந்து பேர் கூரைமேல் ஏறி, தீயிலிருந்து இரண்டு மூன்று காம்பரா தள்ளித் தகரத்தைப் பெயர்த்து, கைமரத்தை அறுத்துக் கீழே தள்ளி ஒரு வெளி உண்டாக்குவார்கள். தீ அந்த வெளியைத் தாண்டாவிட்டால் லயத்தின் பாதி பிழைக்கும். உடைபடுவது யாரோ ஒருவருடைய வீடு. கேட்டு அனுமதி வாங்க நேரம் இருக்காது. எந்த இடத்தில் உடைப்பது என்று அந்த நொடியில் யாரோ ஒருவர் சொல்லியாக வேண்டும், மற்றவர்கள் கேட்டாக வேண்டும். எந்த இறைகுழாயையும் விட இந்த ஒழுங்குதான் பெரியது. பயிற்சிக்கூடம் எதுவும் அதைக் கற்பிக்கவில்லை.

கீழே வேறு வேலை நடக்கும். கிழவர் கிழவிகளையும் பிள்ளைகளையும் தூக்கி வெளியே விடுவது முதல் வேலை. அடுத்தது கேஸ் சிலிண்டர். பிறகுதான் அடையாள அட்டை, பிறப்புச் சான்று, நகைப்பெட்டி. பிரஜாவுரிமைக்காக வருடக்கணக்கில் அலைந்த மக்களுக்கு அந்தக் காகிதங்களின் விலை தெரியும். பெண்கள் தண்ணீர்ப் பீலியிலிருந்து லயம்வரை வரிசையாக நின்று வாளியும் குடமும் கைமாற்றுவார்கள். நனைத்த சாக்கைத் தணல்மேல் போடுவார்கள். மண்வெட்டி பிடித்தவர்கள் மண்ணை அள்ளி வீசுவார்கள். வேலைக்காட்டில் இருப்பவர்களுக்குச் சத்தம்தான் செய்தி. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குத் தப்பு அடிக்கிற பழக்கமும், தொழிற்சாலைச் சங்கின் நேரமும் எல்லோருக்கும் அத்துப்படி. நேரம் தப்பி ஒன்று ஒலித்தால் ஏதோ விபரீதம் என்று மலை முழுவதும் நிமிர்ந்து பார்க்கும்.

ஊவாவுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மேற்கே ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழை கொட்டும்போது, அதே தென்மேல் காற்று மத்திய மலையைத் தாண்டி ஈரம் இழந்து, வறண்டு இங்கே இறங்குகிறது. அந்த வறட்சியில் கொழுந்து மெல்ல வளர்ந்து, ஒருவகை நறுமணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. உலகச் சந்தை ஊவாத் தேயிலைக்குக் கூடுதல் விலை கொடுப்பது அந்த மணத்துக்காகத்தான். அதே காற்றுதான் பத்தனைப் புல்வெளிகளையும் மானாப்புல்லையும் வைக்கோலாகக் காயவைக்கிறது, பீலித் தண்ணீரை நூலாக இளைக்கவைக்கிறது. விலை ஏறும் மாதமே தீ ஏறும் மாதம், தண்ணீர் குறையும் மாதமும் அதுவே. எல்ல, ஹப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தை மலைமுகடுகளில் இரவில் சிவப்புக் கோடாகத் தீ ஊர்வதைப் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அநேகமாக எல்லாமே மனிதர் வைத்த தீ. மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்றும், வேட்டைக்காகவும் வைப்பார்கள், அசட்டையாலும் வைப்பார்கள்.

புல்தீக்கு வாளி உதவாது. பச்சைக் கிளையை ஒடித்து, காற்று அடிக்கும் திசையைப் பார்த்து, தீயின் பக்கவாட்டில் நின்று அடிக்க வேண்டும். நேர் எதிரே நிற்கக் கூடாது. மேட்டில் நிற்பவன் தீயைவிட வேகமாக ஓட முடியாது. மண்வெட்டியால் புல்லைச் செதுக்கி வெறும் மண் தெரிய ஒரு பாதை வெட்ட வேண்டும். கவ்வாத்துக் கத்தி அன்று பற்றை வெட்டும் கத்தியாகும். 2018 மார்ச் 11இல் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பிய மலையேற்றக்காரர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று முதலில் மேலே ஏறி, தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கிவந்தவர்களில் குரங்கணி ஊர்க்காரர்களும் இருந்தார்கள். கடல் கடந்தும் மலைவாழ் தமிழனின் அனுபவம் ஒன்றாகவே இருக்கிறது. அரசு வந்து சேரும்வரை அவன்தான் அரசு.

தொழிற்சாலைத் தீ வேறு வகை. தேயிலைத் தொழிற்சாலையை ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அதன் மேல்மாடிகளில் இலை வாட்டப் படங்கு விரித்த தட்டுகள். கீழே விறகு எரியும் பெரிய அடுப்பு. அதிலிருந்து நூறு பாகை செல்சியஸை நெருங்கும் சூட்டுக்காற்று உலர்த்தும் எந்திரத்துக்குள் போகும். பலகையும் படங்கும் தூசும் சூடும் ஒரே கட்டடத்தில். இந்த ஆபத்தைத் துரைமார் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆகவே ஸ்டோருக்குக் காப்புறுதி உண்டு, சுவரில் வரிசையாகச் சிவப்பு வாளி உண்டு, மணல் உண்டு. சில நூறு யார் தள்ளி அதே கம்பனிக்குச் சொந்தமான லயத்தில் நூறு உயிர் தூங்கும். அங்கே ஒரு வாளிகூடத் தொங்கவிடப்படவில்லை. தோட்டம் எதைச் சொத்தாக எண்ணியது, எதை எண்ணவில்லை என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

இவ்வளவு துணிச்சலும் ஒழுங்கும் இருந்தும் பூனாகலையில் ஏன் முறையான தொண்டர் தீயணைப்புப் படை ஒன்று எழவில்லை? இந்த அத்தியாயத்தை எழுதவைத்த கேள்வி இதுதான். மற்ற நாடுகளைப் பார்த்தால் விடை புலப்படும். 1736 டிசெம்பர் 7இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்ளின் நண்பர்களோடு சேர்ந்து யூனியன் தீயணைப்புக் கம்பனியைத் தொடங்கினார். அங்கத்தவர் முப்பது பேர். ஒவ்வொருவரும் தோல்வாளியும், பொருள்களைக் காப்பாற்றத் துணிப்பையும் வைத்திருக்க வேண்டும், கூட்டத்துக்கு வராவிட்டால் தண்டம் கட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். சிலி நாட்டில் 1851இல் வல்பராய்சோ துறைமுகத்தில் தொடங்கிய தொண்டர் படைகள் இன்று நாடு முழுவதையும் காக்கின்றன. அங்கே தீயணைப்போர் ஊதியம் பெறாத தொண்டர்களே. இந்த மனிதர்கள் நம் ஆட்களைவிட வீரர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்குக் கூட்டம் கூடவும், வரி கேட்கவும், நகரசபையிடம் காணி வாங்கவும் உரிமை இருந்தது. தங்கள் ஊர் தங்களுடையது என்று சொல்ல முடிந்தது.

தோட்டத்து ஆளுக்கு அது இல்லை. 1937இல் கிராமச் சமுதாயச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்தில் குடியிருந்த இந்தியத் தமிழ்த் தொழிலாளர் கிராமசபைத் தேர்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டுக்கே வெளியே நிறுத்தியது. பிரஜாவுரிமை திரும்பி வந்துகொண்டிருந்த காலத்தில், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளில் சபை தன் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. சபைக்கு வாக்களித்தவன் வீட்டு வாசலில் சபை ஒரு கல்லைப் போடத் தயங்கியது. லயம் கம்பனியின் இடம், ரோடு தோட்டத்து ரோடு, தண்ணீர் தோட்டத்துத் தண்ணீர். தீயணைப்புப் படை தொடங்க ஒரு கொட்டகை வேண்டும் என்றால் அதையும் துரையிடம்தான் கேட்க வேண்டும். மரண உதவிச் சங்கம், கோயில் கமிட்டி, இளைஞர் கழகம், மாதர் சங்கம் என்று நிலம் தேவைப்படாத எல்லாவற்றையும் இந்த மக்கள் தாங்களே நடத்திக்காட்டினார்கள். தீப்பிடித்த இரவுகளில் வாளி வரிசையாக நின்றவை இந்தச் சங்கங்களே. மறுநாள் அரிசியும் உடுப்பும் சேர்த்துக் கொடுத்தவையும் இவையே.

தீயை அணைக்கவே முடியாத நாள்களும் இந்த வரலாற்றில் உண்டு. 1983 ஜூலை 27 காலை பத்தரை மணியளவில் பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு எதிரே ஒரு தமிழரின் மோட்டார் சைக்கிள் கொளுத்தப்பட்டது. நண்பகலில் கடைத்தெரு எரிந்தது. பிறகு வீடுகள். கும்பல் பறித்தெடுத்த பஸ்களிலும் வான்களிலும் பண்டாரவளைக்கும் ஹாலிஎலவுக்கும் வெலிமடைக்கும் போனது. இரவில் லுணுகலை எரிந்தது. கலவர நாள்களில் மலையகத்து மக்கள் வாளியோடு ஓடவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஓடினார்கள். தீயை அணைக்கும் படை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், வைப்பவனைத் தடுக்கச் சட்டம் வராத இடத்தில் அது கையாலாகாததுதான்.

இந்தப் படையின் திறமையை நாடு கண்ணால் கண்டது தீயில் அல்ல, மண்ணில். 2014 ஒக்டோபர் 29 காலை, பூனாகலைக்கு அண்டைய மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பெற்றோர் இல்லாத வீட்டுக்கு, வீடே இல்லாத இடத்துக்குத் திரும்பினார்கள். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. இராணுவமும் எந்திரங்களும் வருவதற்கு முன்னரே சேற்றில் இறங்கியவர்கள் சுற்றுவட்டாரத்துத் தொழிலாளர்கள். கையில் இருந்தவை மண்வெட்டியும் அலவாங்கும். உயிர் பிழைத்தவர்களுக்குப் பூனாகலைப் பாடசாலை திறந்துவிடப்பட்டது. பிறகு அவர்கள் மக்கல்தெனியப் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நீண்டகாலம் தங்கினார்கள். 2016இல் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

ஒன்பது வருடம்கூட ஆகவில்லை. 2023 மார்ச் 19 இரவு, பூனாகலையின் கபரகலை டிவிசனில் மண் சரிந்தது. வீடுகள் நொறுங்கின, சிலர் காயப்பட்டார்கள், இருநூறுக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை. இருட்டிலும் மழையிலும் ஒரு டிவிசனே வெளியேறியது என்றால் கதவைத் தட்டியவர்கள் இருக்கிறார்கள், கிழவியை முதுகில் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். வானம் கைகொடுத்தது என்று மட்டும் இதை எழுதிவிட எனக்கு மனமில்லை. மீரியபெத்தையைக் கண்ணால் பார்த்த மக்கள் அவர்கள். சுவரில் விழும் வெடிப்பும் ஊற்றில் கலங்கி வரும் தண்ணீரும் என்ன சொல்கின்றன என்று அந்த மலையில் இன்று சிறுபிள்ளைக்கும் தெரியும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஒரு மழைமானியும் அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளும் போதும், இந்தக் கணக்கு லயத்துக்குள் வந்துவிடும்.

இன்றைய நிலைமை முன்பு போல் இல்லை. 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களில் சபை வேலை செய்வதற்கு 33ஆம் பிரிவு போட்டிருந்த கட்டு அவிழ்ந்தது. எண்பது வருடம் சொல்லப்பட்டுவந்த காரணம் இனி செல்லாது. மலேசியாவில் தீயணைப்புத் திணைக்களத்தின் கீழ் பொம்பா சுகாரெலா என்ற தொண்டர் படைகள் இயங்குகின்றன. நிலையத்துக்குத் தூரமான ஊர்களில் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி, உபகரணம். பெரிய வண்டி வரும்வரை அவர்கள் தீயைப் பிடித்துவைப்பார்கள். பூனாகலைக்கும் ஹப்புத்தளைத் தோட்டங்களுக்கும் மடுல்சீமைக்கும் ஏற்ற மாதிரி அதுதான். பெரிய வண்டியைக் கேட்டுப் பயனில்லை, அது படிக்கட்டு ஏறாது. டிவிசனுக்கு ஒரு கைப்பம்பி, ஊற்றுத் தண்ணீரைச் சேர்க்க மேட்டில் ஒரு தொட்டி, அதிலிருந்து லயம்வரை எட்டும் குழாய், இரண்டு ஏணி, தகரம் பெயர்க்கக் கொக்கி, கையுறை, தலைக்கவசம், வருடத்துக்கு இரண்டு நாள் பயிற்சி. பயிற்சி நாளுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், போட வேண்டும். சம்பளத்தை இழந்து கற்றுக்கொள் என்று நாட்கூலிக்காரரிடம் சொல்வது அநியாயம். புதிதாகக் கட்டப்படும் தனிவீடுகள் தீயின் ஓட்டத்தை அறுக்கின்றன. ஆனால் லயங்கள் இன்னும் நிற்கின்றன, அவற்றில் ஆட்கள் இன்னும் உறங்குகிறார்கள்.

பிரதேச சபைகளில் இருக்கும் மலையக உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தில் தோட்டத் தொண்டர் தீயணைப்புக் குழுவுக்கு ஒரு தலைப்பைச் சேருங்கள். ஒரு டிவிசனில் தொடங்கினாலும் போதும். வாசகர்களில் எவர் வீட்டிலாவது பழைய மரண உதவிச் சங்கத்தின் அல்லது இளைஞர் கழகத்தின் கணக்குப் புத்தகம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தீப்பிடித்த குடும்பத்துக்குக் கொடுத்த அரிசியின் கணக்கு அதில்தான் இருக்கும். தீ, மீட்பு அவசரத்துக்கு இலங்கையில் அழைக்க வேண்டிய இலக்கம் 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இரண்டையும் காம்பராச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதிவையுங்கள்.

(தொடரும்)